கறவை வெள்ளாடு வளர்க்க: முதலில் தழை, பிறகு ஆடு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெள்ளாடு கட்டாத கொல்லை குறைவு. ஆனால் அவை குட்டிக்கும் கறிக்கும் வளர்பவை. குட்டி குடித்தது போக மிஞ்சினால் ஒரு வேளை டீக்கு ஆகும், அவ்வளவுதான். பாலுக்கென்றே ஆடு வைப்பது வேறு கணக்கு. மாடு கட்டித் தீனி போடக் கட்டுப்படியாகாதவர்கள், ஒன்றிரண்டு ஏக்கர் மேட்டு நிலம் வைத்திருப்பவர்கள், பெங்களூரு வேலையை விட்டு ஊர் திரும்பியவர்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

அந்த வரிசையில் ஆடு வாங்குவது மூன்றாவதாகத்தான் வரும். ஆடு வாங்கப் பணம் புரட்டிவிடலாம். மாசி கழிந்து வைகாசி முடியும்வரை அதன் வாய்க்குப் பச்சை காட்டுவதுதான் பாடு. ஐப்பசியில் எங்கு பார்த்தாலும் பசேலென்று இருக்கும்போது ஆசைப்பட்டு ஆடு பிடித்தவர்கள், சித்திரையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம்.

எத்தனை ஆடு, எவ்வளவு பால்

நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு கறவை ஆடு போதும், மூன்று தாராளம். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம். தனி ஆடு கத்திக்கொண்டே இருக்கும், தீனியும் ஒழுங்காக எடுக்காது.

பால் அளவில் மனக்கோட்டை கட்டாதீர்கள். யூடியூபில் நாலு லிட்டர், ஐந்து லிட்டர் என்பார்கள். நம் வெயிலில், நம் தீனியில், குட்டியையும் வளர்த்துக்கொண்டு ஒரு ஆடு நாளுக்கு 1 லிட்டர் கொடுத்தால் அது நல்ல ஆடு. ஐந்தாறு மாதம் கறக்கும். போகப் போகக் குறையும். ஊர்ப் பால் சங்கம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்குமானது, ஆட்டுப்பாலை அங்கே ஊற்ற முடியாது. ஆகவே பால் வீட்டுக்கு, குட்டி காசுக்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

முதல் வேலை: தழைக்கு வழி

மாடு குனிந்து புல் மேயும். வெள்ளாட்டின் கண் மேலேதான் இருக்கும். முன்னங்காலைத் தூக்கி வைத்துக் கிளையை எட்டித் தின்பதுதான் அதன் குணம். புல்லை மட்டும் வெட்டிப் போட்டுக் கறவை ஆடு வளர்க்க முடியாது. மரத்தழை, பயறுவகைத் தழை, நெற்று, கொடி என்று நாலு தினுசு வேண்டும்.

மூன்று ஆட்டுக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் தண்ணீர் பாயும் நிலம் 10 சென்ட் ஒதுக்குங்கள். பாதியில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ 4 அல்லது கோ 5 ரகம். இரண்டு கணு இருக்கும்படி கரணை வெட்டி ஒன்றரை, இரண்டு அடி இடைவெளியில் ஊன்றினால் 75-80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை. மீதிப் பாதியில் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி. ஏக்கருக்கு 8 கிலோ விதை என்பது கணக்கு. உங்கள் 5 சென்ட்டுக்கு 400 கிராம். இந்த விதையின் தோல் கெட்டி, அப்படியே தூவினால் பெரும்பாலும் முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, விதையை அதில் நாலைந்து நிமிடம் போட்டெடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். 90 நாளில் முதல் வெட்டு, பிறகு 40 நாளுக்கு ஒருமுறை.

வேலியோரம் முழுக்க மரம். அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல் (சூபாபுல்), முருங்கை, கல்யாண முருங்கை, எது கிடைத்தாலும் நடுங்கள். கிளைரிசிடியாவின் வாடைக்கு ஆடு முதலில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அரைநாள் வாடவைத்துப் போட்டால் பழகிவிடும். சவுண்டலில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் முடி கொட்டத் தொடங்கும். பாசனமே இல்லாத மேட்டு நிலமாக இருந்தால் மழையை நம்பி முயல்மசால் என்ற தீவனச் செடியை விதைக்கலாம். கொல்லையில் ஏற்கெனவே நிற்கும் வாகை, வேம்பு, கொடுக்காப்புளி, கருவேலம் ஆகியவற்றை வெட்டாமல் விடுங்கள். கோடையில் துறட்டியால் ஒடித்த வாகைத் தழையும் உலுக்கி எடுத்த கருவேல நெற்றும் எத்தனையோ ஆட்டைக் காப்பாற்றுகின்றன.

காய்ந்த தீனியை அறுப்புக் காலத்திலேயே பிடித்துவிட வேண்டும். கடலை பிடுங்கும்போது கொடி, துவரையும் கொள்ளும் அவரையும் அடிக்கும்போது களத்தில் கிடக்கும் பொட்டு, இவை நம் ஊரில் கேட்டாலே கிடைக்கும், அல்லது சல்லிசாக விலைக்குக் கிடைக்கும். ஒரு ஆட்டுக்கு நாளைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. கோடை 100 நாளுக்கு மூன்று ஆட்டுக்கு 150-லிருந்து 300 கிலோ ஆகிறது. மழை படாமல், தரை ஈரம் ஏறாமல் பலகை மேல் அடுக்குங்கள். பூசணம் பிடித்த கடலைக்கொடி ஆட்டைக் கொல்லும்.

தளி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்தில் காப்புக்காட்டோரம் இருப்பவர்கள் காட்டை மேய்ச்சலாக நினைத்துக் கணக்குப் போட வேண்டாம். வனத்துறை பிடிக்கும். பக்கத்துக் கொல்லைக்காரர் மாந்தோப்பை நினைத்தும் போட வேண்டாம். ஆட்டால் வந்த பங்காளிச் சண்டை எந்த ஊரில் இல்லை?

புல் முதல் அறுப்புக்கு வந்த பிறகு கொட்டகை வேலையைத் தொடங்கினால் போதும்.

கொட்டகை

மூன்று ஆட்டுக்கு லட்ச ரூபாயில் பரண் வீடு தேவையில்லை. மேடான இடம், தண்ணீர் தேங்காத மண்தரை, ஓட்டுக்கூரையோ தென்னங்கீற்றோ போதும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். பெரிய ஆட்டுக்கு 12-15 சதுர அடி, குட்டிக்கு 4-5 சதுர அடி. ஆடு குளிரைக்கூடத் தாங்கும், ஈரத் தரையைத் தாங்காது. ஆகவே ஒரு மூலையில் இடைவெளி விட்டு அடித்த மரப்பலகை மேடை ஒன்று போடுங்கள், ராத்திரி தானாகவே அதில் ஏறிப் படுக்கும். ஓசூர்ப் பக்கம் மார்கழிப் பனியில் குட்டிக்குச் சளி பிடிக்கும், காற்று வரும் பக்கம் சாக்குத் திரை வேண்டும்.

காட்டோரக் கிராமங்களில் சிறுத்தை பயம் உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் உள்ள பயம் தெருநாய்தான். 5 அடிக் கம்பிவலை, ராத்திரி பூட்டக்கூடிய கதவு, இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆடு வாங்குவது

சேலம் கருப்பு நம் மண்ணின் ஆடு. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிதான் அதன் பூர்வீகம். உடம்பு முழுக்கக் கருப்பு, நல்ல உயரம், வறட்சியைத் தாங்கும். ஆனால் அது கறி ஆடு, குட்டிக்குப் போகக் கறக்க அதிகம் இராது. மலபாரி என்றும் சொல்லப்படும் தலைச்சேரி ஆடு கேரளத்தின் வடபகுதியில் உருவானது. பாலும் உண்டு, இரட்டைக் குட்டியும் போடும். புதியவருக்கு என் சிபாரிசு இதுதான். ஜமுனாபாரி உத்தரப்பிரதேசத்து எட்டாவா பக்கத்து ஆடு. வளைந்த மூக்கு, தொங்கும் நீளக் காது, பால் கூடுதல், விலையும் கூடுதல், தீனி சற்றுக் குறைந்தாலும் இளைத்துப்போகும். அனுபவம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையில் காசு குறைவென்றால் இன்னொரு வழி இருக்கிறது: நாட்டு ஆட்டுக்கு நல்ல தலைச்சேரிக் கிடாவைச் சேர்த்து, பிறக்கும் பெட்டைக் குட்டியைப் பாலுக்கு நிறுத்துவது. ஒன்றரை, இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும், ஆனால் நம் தீனிக்குப் பழகிய ஆடு கிடைக்கும்.

போச்சம்பள்ளியில் ஞாயிறு, நல்லம்பள்ளியில் செவ்வாய், புளுதியூரில் புதன், குந்தாரப்பள்ளியில் வெள்ளி என்று சந்தைக்குக் குறைவில்லை. விலை நிலவரம் தெரிந்துகொள்ள இரண்டு மூன்று வாரம் போய்ச் சும்மா சுற்றுங்கள். ஆனால் கறவை ஆட்டைச் சந்தையில் வாங்காதீர்கள். அங்கே வரும் ஆட்டின் மடி எப்போதும் நிறைந்தே இருக்கும், ஏனென்றால் முந்தின நாளிலிருந்தே கறந்திருக்க மாட்டார்கள். "ரெண்டு வேளையும் சேத்து மூணு லிட்டர்ங்கண்ணா, சந்தேகமே வேண்டாம்" என்பார். "சரிங்கண்ணா, சாயந்திரம் உங்க பட்டியில கறந்து காட்டுங்க, மறுநா காலையிலயும் வந்து பாக்கறேன்" என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் அவரிடம் வாங்கலாம்.

சாயங்காலம் ஒட்டக் கறக்கச் சொல்லி, காலைக் கறவையை அளந்து பார்ப்பதுதான் உண்மையான அளவு. கறந்த பிறகு மடியைத் தொட்டுப் பாருங்கள். வெறும் துணிப்பை போலத் தொங்கினால் அது பால் மடி. கறந்தும் பருமன் குறையாமல் கெட்டியாக இருந்தால் சதை மடி அல்லது பழைய மடிநோய். காம்பு இரண்டுதான் இருக்க வேண்டும். கை பிடிக்கும் நீளம் வேண்டும்.

வயதுக்குக் கீழ்த்தாடை முன்பற்களைப் பாருங்கள். எல்லாம் சிறிய பால்பல் என்றால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்றேகால், ஒன்றரை. நாலு பல் இரண்டு வயது சுமார், ஆறு பல் மூன்று சுமார், எட்டும் முளைத்துக் கடை சேர்ந்தது நாலு வயதைத் தொட்டது. முதல் ஈற்றோ இரண்டாம் ஈற்றோ ஆன, இரண்டு பல், நாலு பல் ஆடுதான் உங்களுக்கு. தர்மபுரியில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் நிறைய. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஆட்டின் பல்லும் கறைபட்டுத் தேயும், வயது கூடுதலாகத் தெரியும். கூடவே கண்ணின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் குடலில் இரத்தம் உறிஞ்சும் புழு.

வாங்கிய ஆட்டை வீட்டு ஆடுகளோடு உடனே சேர்க்கக் கூடாது. 21 நாள் தனியாகக் கட்டி, குடற்புழு நீக்கி, கழிச்சல், சளி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு சேர்க்கலாம்.

தினசரித் தீனி, சில விஷங்கள்

30-35 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளைக்கு 3-4 கிலோ பசுந்தழை, அரைக் கிலோவுக்கு மேல் காய்ந்த தீனி, 250 கிராம் அடர்தீவனம். கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் இன்னொரு 300-400 கிராம் அடர்தீவனம் கூட்டுங்கள். வீட்டிலேயே கலக்கலாம்: 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளமோ கேழ்வரகோ 40, கடலைப் பிண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, கல்லுப்பு 1. தழையைக் கட்டாகக் கட்டி ஆட்டின் முகத்துக்கு மேல் தொங்கவிடுங்கள். தரையில் போட்டதை மிதித்துவிட்டால் பட்டினி கிடந்தாலும் வாய் வைக்காது. தொட்டித் தண்ணீரும் அப்படியே, புழுக்கை விழுந்த தண்ணீரைக் குடிக்காது. தண்ணீர் குடிக்காத ஆடு பால் இறக்காது.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் மரவள்ளி நிறைய. பச்சை மரவள்ளித் தழையிலும், வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரிலும் சயனைடு நச்சு உண்டு. பசித்த ஆடு அவிழ்த்துக்கொண்டு போய் வயிறு முட்ட மேய்ந்தால் அரைமணியில் மூச்சு வாங்கி விழும். மாற்று ஊசி உண்டு, ஆனால் மருத்துவர் வரும்வரை உயிர் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் வேறு தொல்லை: தோலும் அழுகிய பழமும் கூடை கூடையாகக் கொட்டிவிடுவார்கள். கைப்பிடி தின்றால் கேடில்லை. பழக்கமில்லாத ஆடு கூடை நிறையத் தின்றால் வயிறு புளித்து, கழிச்சல் கண்டு, படுத்துவிடும். கல்யாண வீட்டு மிச்சச் சோறும் அதே கதைதான்.

கிடா சேர்ப்பது, குட்டி

10-12 மாதமும் 20 கிலோவுக்கு மேல் எடையும் வந்த பெட்டைக்குத்தான் கிடா சேர்க்க வேண்டும். பருவத்துக்கு வந்த ஆடு விடாமல் கத்தும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், அறையில் (பிறப்புறுப்பில்) கண்ணாடி போல் வழும்பு தெரியும். காலையில் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை சேர்க்கலாம். தவறினால் மறுபடி 18-21 நாளில் வரும். மூன்று ஆட்டுக்காகக் கிடா வளர்க்காதீர்கள். தீனிச் செலவு ஒருபுறம். அதன் வீச்சம் பாலில் ஏறுவது இன்னொருபுறம். ஊரில் நல்ல கிடா வைத்திருப்பவரிடம் ஓட்டிப் போங்கள், ஆனால் உங்கள் ஆட்டுக்கு அது தகப்பனாகவோ உடன்பிறப்பாகவோ இருக்கக் கூடாது.

சினைக்காலம் 150 நாள் சுமார். ஆனியில் சேர்த்தது கார்த்திகையில் ஈனும். அப்போது பச்சைக்குப் பஞ்சமில்லை. இன்னொன்றைப் புரட்டாசியில் சேர்த்தால் மாசியில் ஈனும். இப்படித் தள்ளித் தள்ளிச் சேர்த்தால் வீட்டில் பால் அறாது. கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்திவிட வேண்டும்.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாய்ச் சளியைத் துடையுங்கள். மற்றதைத் தாய் நக்கிக்கொள்ளும். தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின். முக்கியமானது சீம்பால். முதல் ஒரு மணி நேரத்துக்குள் வாயில் போக வேண்டும். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, பல தடவையாக. 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. நஞ்சுக்கொடி விழாமல் சீம்பால் கொடுக்கக் கூடாது என்று சில வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். கேட்காதீர்கள். குட்டி ஊட்ட ஊட்டத்தான் நஞ்சுக்கொடியும் சீக்கிரம் விழும்.

கறவை

முதல் இரண்டு மூன்று வாரம் பால் முழுக்கக் குட்டிக்கு. அப்புறம் ராத்திரி மட்டும் குட்டியைத் தனியாக அடையுங்கள், தாய் பக்கத்திலேயே தெரியும்படி. காலையில் கறந்துகொண்டு, பகல் முழுக்கக் குட்டியோடு விட்டுவிடலாம். மூன்று மாதத்தில் குட்டி பால் மறந்த பிறகு இரண்டு வேளையும் உங்களுக்கே.

ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை மேடையும் முன்னால் தீனிச் சட்டியும் இருந்தால் முதுகு வலிக்காது. ஆட்டின் ஒரே பக்கத்தில் தினமும் உட்காருங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மடியைத் துடைக்கும்போதே பால் இறங்கும். முதல் இரண்டு பீச்சைக் கருப்புத் துணி கட்டிய டம்ளரில் பீச்சிப் பாருங்கள். திரியோ இரத்தமோ தெரிந்தால் அது மடிநோய், அந்தப் பால் யாருக்கும் ஆகாது. பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் மேற்பகுதியை அடையுங்கள். அப்படி அடைத்தால்தான் பால் திரும்ப மடிக்குள் ஏறாது. அடைத்தபடியே நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொன்றாக மூட, பால் சர்ரென்று இறங்கும். கையைத் திறந்தால் காம்பு மறுபடி நிரம்பும். காம்பை இழுக்கவே கூடாது; இழுத்துக் கறந்த ஆடு அடுத்த நாள் உதைக்கும், உதைப்பதும் நியாயம்தான். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைத்து, படுத்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் தழை போடுங்கள்.

பாலை உடனே வடிகட்டிக் காய்ச்சுங்கள். காய்ச்சாத ஆட்டுப்பாலில் புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் மனிதருக்கு வரும், ‘பச்சையாகக் குடித்தால்தான் சத்து’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது; ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, சோகை பிடிக்கும்.

நோய்

தடுப்பூசியில் சோம்பல் கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு 3 மாதம் கடந்த குட்டிக்குப் போட்டால் 3 வருஷம் தாங்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன், வைகாசி வாக்கில். கோமாரிக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை. குடற்புழு மருந்தை நாள்காட்டி பார்த்துக் கண்டபடி ஊற்றுவதைவிட, புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்த்து, எடைக்கேற்ற அளவு ஊற்றுவது நல்லது. ஒரே மருந்தை ஓயாமல் ஊற்றினால் புழு அதற்குப் பழகிவிடும்.

இடது வயிறு மத்தளமாக எழும்பி ஆடு தவித்தால் வயிற்று உப்புசம். நிற்கவைத்து, 50-100 மில்லி கடலை எண்ணெயைக் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். அடங்காவிட்டால் 1962-க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். முறையாகக் கற்க விரும்புபவர்களுக்குத் தர்மபுரி குண்டலப்பட்டியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும், பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இருக்கின்றன.

காசு

கிடாக் குட்டியை மூன்று மாதத்தில் அவசரப்பட்டு விற்காதீர்கள். தீனி இருந்தால் எட்டு, பத்து மாதம் நிறுத்தி, பக்ரீத்தோ ஊர்த் திருவிழாவோ வரும் நேரத்தில் எடை போட்டு விற்பது லாபம். கண்மதிப்பில் கேட்பவரிடம் எடைத்தராசைக் காட்டுங்கள். அதிகம் கறந்த ஆட்டின் பெட்டைக் குட்டியை மட்டும் நிறுத்திக்கொண்டு, அதற்கு ஈடாக வயதான ஆட்டையோ பால் குறைந்ததையோ பங்குனிக்கு முன்பே கழித்துவிடுங்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் ஆட்டுப்பாலுக்கு நல்ல விலை கொடுக்க ஆள் உண்டு, ஆனால் பாட்டிலில் அடைத்து விற்க உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும், தினமும் தவறாமல் கொடுக்கும் அளவுக்குப் பாலும் வேண்டும். மூன்று ஆட்டை வைத்துக்கொண்டு அதற்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.